சத்தம் போட்டு விழுந்த பனி

அவர் திருடினார். இதைவிட நாகரிகமான வார்த்தை எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் போடமாட்டேன். இன்று மேடைகளில் உட்கார்ந்து கதை எழுதுவது எப்படி என்று பாடம் நடத்தும் ஓர் எழுத்தாளர், தன் நாவலின் கடைசி அத்தியாயத்தை லிங்கராஜபுரத்தில் ஷீட் கூரை வீட்டில் வளர்ந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடமிருந்து எடுத்தார். அவளிடம் கேட்கவில்லை. எடுத்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை.

என்ன எடுத்தார் என்று புரிய, முதலில் ஒரு சத்தத்தைக் கேட்க வேண்டும். ஏப்ரல் மாதச் சாயங்காலம், பகலெல்லாம் கொதித்த சிமெண்டு ஷீட்டின் மேல் எங்கிருந்தோ ஒன்று ‘டக்’ என்று விழும், நாங்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் இன்னொன்று விழும், பிறகு காம்பவுண்டில் இருந்த எல்லா வீட்டுக் கூரையிலும் ஒரே சமயத்தில் யாரோ மூட்டை மூட்டையாகக் கூழாங்கல்லைக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம் எழும், அதில் டிவி கேட்காது, அம்மா கத்துவது கேட்காது, பக்கத்தில் நிற்பவள் சொல்வது கேட்காது. ஆலங்கட்டி மழை. எங்கள் ஊர் கன்னட ஊர், நாங்கள் ‘ஆலிகல்லு’ என்றுதான் சொல்வோம். எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வோம். மண்ணும் தகரமும் கலந்த ஒரு ருசி.

அப்படி என்னோடு ஓடியவள்தான் அந்தப் பெண். எதிர் வீடு. அவளுடைய அம்மா கார்மெண்ட்ஸில் வேலை பார்த்தார், அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அவள் நிஜப் பெயரை இங்கே சொல்லமாட்டேன், சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். கதை எழுதுவதற்காக அவளே ‘மஞ்சள்குடை’ என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். இந்தக் கட்டுரையிலும் அதுவே அவள் பெயர்.

பள்ளி விட்டு வந்ததும் நாங்கள் பார்த்தது ஒரு ஜப்பான் கார்ட்டூன். தமிழில் பேசும். அனிமே என்ற வார்த்தையெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். தொடரின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அதன் ரசிகர்கள் நான் கதையைத் தப்பாகச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வருவார்கள். ஒரு கலங்கரை விளக்கு. அதை ஏற்றும் அக்கா. படகில் கடலுக்குப் போகத் துடிக்கும் தம்பி. ஒரு நாள் அக்கா தூங்கும்போது தம்பி படகை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான், அவள் விளக்கடியில் வந்து நிற்கிறாள். அதோடு தமிழில் நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அதே நேரத்தில் மல்யுத்தம் போட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அக்கா இன்னும் அங்கேயே நிற்கிறாள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

மஞ்சள்குடைக்கு உறைத்தது. தினமும் வந்து அந்தச் சேனலைப் போட்டுப் பார்ப்பாள், மல்யுத்தக்காரர்களை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள், “அவங்க சொல்லலேன்னா போகட்டும்டீ, நாமளே சொல்லிக்கலாம்” என்றாள். அப்படித்தான் எழுத ஆரம்பித்தோம்.

மெயின் ரோட்டில் ஒரு ப்ரௌசிங் சென்டர் இருந்தது. அங்கேதான், இதே மாதிரி பாதியில் விடப்பட்ட பிள்ளைகள் தமிழில் கதை எழுதிப் போடும் ஒரு தளத்தைக் கண்டுபிடித்தோம். அதை நடத்தியவர் விவேக் நகரில் இருந்த ஒரு கல்லூரி மாணவர். எல்லோரும் அவரை ‘அண்ணா’ என்றுதான் எழுதுவோம். நாங்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவோம், அவர் அதைத் தமிழ் எழுத்தாக்கி, பிழை திருத்தி ஏற்றுவார். பொறுமையான மனிதர். இன்று கோபத்தில் எழுதுகிறேன் என்பதற்காக அதை மறைக்கமாட்டேன்.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கு மேலும், இந்தப் பாத்திரங்கள் நம்முடையவை அல்ல என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதாமல் அனுப்பினால் அண்ணா திருப்பி அனுப்பிவிடுவார். மஞ்சள்குடை அதற்குச் ‘சிலுவை போடுவது’ என்று பெயர் வைத்தாள். சாப்பிடுவதற்கு முன்னால் அவள் வீட்டில் நெற்றியில் சிலுவை போடுவார்கள் அல்லவா, அதுபோல. “சிலுவை போட்டியாடீ?” என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பும் பட்டனை அமுக்க விடுவாள். அவள் போட்ட சிலுவை எனக்கு இன்றும் மனப்பாடம்: “இந்த அக்காவும் தம்பியும் என்னுடையவர்கள் அல்ல. உருவாக்கியவருக்கே சொந்தம். நான் கொஞ்ச நேரம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், பத்திரமாகத் திருப்பி விட்டுவிடுவேன்.”

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த யோக்கியம் இருந்தது. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. “ஜப்பான்காரன் வந்து நமக்கு ரேஷன்ல க்யூ நிப்பானா?” என்பது என் அம்மா. “பொம்மைக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிற வயசாடா இது” என்பது அவளுடைய அப்பா, வண்ணம் காய்ந்த கையால் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு. அவர் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் செய்தது அதுதான். யாரோ செய்த பொம்மை, யாரோ கைவிட்ட பொம்மை, அதற்கு நாங்கள் வாழ்க்கை அமைத்துக்கொடுத்தோம்.

நான் எழுதியது குப்பை. என் கதையில் எல்லோரும் அழுவார்கள், கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். மஞ்சள்குடை எழுதியது வேறு. அவள் அந்தத் தம்பியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருந்தாள், ஆனால் சுலபமாகக் கொண்டுவரவும் அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் அக்காவுக்கு ஜுரம் வரவைத்தாள். விளக்கு அணைந்துவிடுகிறது. தம்பி இருட்டில் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் படகில் சுற்றுகிறான். அப்போது ஊரின் மேல் பனி விழ ஆரம்பிக்கிறது. தகரக் கூரைகளின் மேல் டக், டக் என்று விழுந்து, பிறகு ஊரே இரைகிறது. விளக்கு காட்டாத கரையைப் பனியின் சத்தம் காட்டுகிறது. அவன் அந்தச் சத்தத்தைப் பார்த்துத் துடுப்புப் போட்டு வீடு வந்து சேருகிறான்.

பனி சத்தம் போடாது என்று எங்களுக்குத் தெரியாது. வானத்திலிருந்து வெள்ளையாக விழும் எதையும் நாங்கள் அந்த ஷீட்டுக்கு அடியில் நின்றுதான் அறிந்திருந்தோம். டிவியில் பனி விழுந்தபோதெல்லாம் பின்னால் பாட்டு ஓடியது, அதனால்தான் சத்தம் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

அண்ணாவுக்குத் தெரிந்திருந்தது. கதைக்குக் கீழே கருத்து எழுதினார். “பனி விழும்போது சத்தம் வராது. பஞ்சு மாதிரி விழும். திருத்தவும்.”

“எங்க ஊர்ல வரும்” என்று மஞ்சள்குடை பதில் போட்டாள்.

“கதை ஜப்பானில் நடக்கிறது.”

“தம்பி எங்க ஊருக்குத்தான் திரும்பி வர்றான்.”

அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை, அவளோடும் அவள் அம்மாவோடும் நான் விவேக் நகர் ஏசு கோவிலுக்குப் போனபோது, சொல்லிவைத்திருந்தபடி அவர் மெழுகுவத்திக் கடை பக்கம் வந்தார். ஒல்லியாக, தோளில் பையோடு. “நீதான் மஞ்சள்குடையா? இன்னும் அந்தப் பனியை மாத்தல நீ” என்றார். அவள் மெழுகுவத்திக் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “மாத்தினா தம்பி எப்பிடிண்ணா வருவான்? வெளக்குதான் அணைஞ்சிபோச்சே” என்றாள். அவர் தோள் பையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, “அது சரி” என்றார்.

அவள் அம்மாவிடம் திரும்பி, “உங்க பொண்ணு நல்லா எழுதுதும்மா” என்றார்.

“என்னாத்த எழுதுது? பரிட்சையில எழுதச் சொல்லு தம்பி. அங்க போனா வெள்ளப் பேப்பரக் குடுத்துட்டு வருது” என்றார் அம்மா.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் அந்த ‘அது சரி’யையும் வைத்துக்கொண்டுதான் இன்று இதை எழுதுகிறேன், ஏனென்றால் வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. நாங்கள் பத்தாவது முடித்துப் பியூசி சேர இருந்த வருஷம், ஒரு நாள் அந்தத் தளம் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. ‘பக்கம் இல்லை’ என்று மட்டும் வந்தது. எதையும் எடுத்து வைக்கத் தோன்றவில்லை எங்களுக்கு, அது எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நினைத்திருந்தோம். நான் பியூசி சேர்ந்தேன். மஞ்சள்குடையின் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்துவிட்டார், அவள் அம்மாவோடு கார்மெண்ட்ஸுக்குப் போனாள். பிறகு கல்யாணமாகி ஊருக்கு வெளியே சந்தாபுரா போனாள். அங்கேயும் ஒரு கார்மெண்ட்ஸ். கதையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

நான் இப்போது ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன், காத்திருந்த ஒருவர் மறந்துவிட்டுப் போன நாவலைப் புரட்டினேன். பின் அட்டையில் அண்ணா. தாடி, கண்ணாடி, ஆனால் அதே முகம். கதை நடப்பது ஊர் பேர் தெரியாத ஒரு குளிர்த் தீவிலாம். ஜப்பான் இல்லை, அக்கா அங்கே அம்மாவாகிவிட்டாள், தம்பி மகனாகிவிட்டான். கடைசி அத்தியாயத்தில் விளக்கு அணைகிறது. மகன் இருட்டில் சுற்றுகிறான். பனி, தகரக் கூரைகளின் மேல் சத்தம் போட்டு விழுகிறது.

முன்னுரையில் ஒரு பெரியவர் அந்த இடத்தைத்தான் மெச்சியிருந்தார். பனிக்குக் குரல் கொடுத்த கற்பனை என்று. முதல் பக்கத்தில், எல்லாப் பாத்திரங்களும் சம்பவங்களும் முழுக்க முழுக்க ஆசிரியரின் கற்பனை என்று அச்சடித்திருந்தது. எங்களை ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் சிலுவை போடவைத்த மனிதரின் புத்தகம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரதி வாங்கிக்கொண்டு சந்தாபுராவுக்கு பஸ் ஏறினேன். மஞ்சள்குடை அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, சமையல்கட்டு வாசலில் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தாள். குக்கர் கத்தியது, அவள் அணைக்கவில்லை, நான் போய் அணைத்தேன்.

“ஏய், தம்பி வந்துட்டான்டீ” என்றாள். சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு புத்தகத்தை மூடி, அட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்து, “நல்லா எழுதியிருக்காருல்ல” என்றாள்.

“அவர் எழுதல. நீ எழுதினது அது.”

“நான் சும்னே எழுதினேன்” என்றாள். எங்கள் ஊரில் சும்மாவுக்குப் பேர் அதுதான். “அதுல என்னுது இன்னாடி இருக்குது? அக்கா என்னுது இல்ல. தம்பி என்னுது இல்ல. வெளக்கு என்னுது இல்ல. நாமதானே மேல சிலுவ போட்டோம், எதுவும் நம்முது இல்லேன்னு.”

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நாங்கள் யோக்கியமாக எழுதிய அந்த ஒரு வரியை அவள் தன் கதை முழுவதற்கும் எதிரான சாட்சியாக இத்தனை வருஷம் சுமந்திருக்கிறாள். “அப்ப அந்தச் சத்தம்? அது யாருது?” என்று கேட்டேன்.

அவள் போய்க் குக்கர் மூடியைத் திறந்தாள்.

“அது நம்ம ஷீட்டு” என்றாள்.

நான் இதை எழுதப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள், மாமியார் வீட்டில் கேட்பார்கள், வேலை இடத்தில் கேலி பண்ணுவார்கள் என்றாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, தெருவைப் பார்த்துக்கொண்டே, “மஞ்சள்குடைன்னு வேணா போட்டுக்க. அது மட்டும் என்னுது. யார்கிட்டயும் எடுக்கல” என்றாள்.

ப்ரௌசிங் சென்டர் இருந்த இடத்தில் இன்று மோமோ விற்கிறார்கள். காம்பவுண்டை இடித்து அடுக்கு வீடு கட்டிவிட்டார்கள், நான் அதே தெருமுனையில் கான்கிரீட்டுக்குக் கீழே குடியிருக்கிறேன். இந்த ஏப்ரலிலும் ஆலிகல்லு விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக விழுந்துகொண்டே இருந்தது, உள்ளே எதுவும் கேட்கவில்லை. இந்த ஊரில் பனி இப்போதுதான் அவர் சொன்ன மாதிரி பஞ்சாக விழுகிறது. அந்த இரைச்சல் மிச்சம் இருக்கும் ஒரே இடம் அவருடைய புத்தகம்.

அண்ணா, தளம் உங்களுடையது, மூடியவரும் நீங்கள். என்னிடம் ஒரு காகிதமும் கிடையாது. இதற்கு இருக்கும் ஒரே சாட்சி நீங்கள்தான். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பாதீர்கள், சந்தாபுராவுக்கு ஆள் அனுப்பாதீர்கள். நான் சொன்னது பொய் என்றால் அதையும் மேடையில் சொல்லுங்கள். நிஜம் என்றால், அடுத்த பதிப்பின் முதல் பக்கத்தில் மஞ்சள்குடை என்ற பெயரோடு ஒரு சிலுவை போடுங்கள், எப்படிப் போடுவது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. பனி சத்தம் போடாது, திருத்தவும் என்று அவளுக்கு எழுதினீர்கள். உங்கள் புத்தகத்தில் அது யாருடைய கூரையில் விழுந்து சத்தம் போடுகிறது? எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.