மாஸ்க் பாஸ், முகம் ஃபெயில்

நாக்கில் இனித்தது. இனிக்கிறது என்று சொன்னேன். அதற்காக என்னை ஃபெயிலாக்கினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நான் வேலை பார்த்த தனியார் பள்ளி அலுவலகத்தில் ஆட்குறைப்பு என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்த சமயம். டெல்லியில் கோல் மார்க்கெட் பக்கம் பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸை இடிக்கப் போகிறார்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளைப் பத்திரமாகக் கழற்ற ஆட்களுக்கு அரசு செலவில் பயிற்சி தருகிறார்கள், பாஸானால் வேலை நிச்சயம் என்று மாடிவீட்டு அக்கா வந்து சொன்னார். அக்காவுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் வீட்டுக்காரர் ஆபீஸ் கார் ஓட்டியவர். பார்வை மங்கிப்போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். பெண் காலேஜில் படிக்கிறாள். இனி அக்காவுக்கு வேலை கிடைத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும். "நீயும் வாட்டி, ஒத்தையில போவ ஒருமாதிரியா இருக்கு" என்றார். போனேன்.

முதல் வகுப்பிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பெஸ்டாஸ் தூசி கண்ணுக்குத் தெரியாது, மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் குத்திக்கொண்டு உட்காரும், பல வருஷம் கழித்து இருமல் வரும்போதுதான் போனதே தெரியும் என்றார் பயிற்சி கொடுத்த சார். நான் வளர்ந்த குவார்ட்டர்ஸில் பின்பக்கத்து ஷெட்டுக்கு அந்த ஷீட்தான் கூரை. மே மாத வெயிலில் எங்கள் வரிசைத் தமிழ்க் குடும்பங்கள் அத்தனையும் பழைய வேட்டியை விரித்து வடாம் காயப்போட்டது அதன்மேல்தான். நன்றாகச் சூடேறும் என்று பெருமை வேறு. பிழிவதற்கு முன்னால் அம்மா ஷீட்டை விளக்குமாற்றால் பரபரவென்று பெருக்குவாள். கூரை போட்டுக் கொடுத்த அரசாங்கம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அதே அரசாங்கம் அதைக் கழற்றப் பாடம் நடத்துகிறது.

பாடத்தில் குறை சொல்ல மாட்டேன். ஷீட்டைத் தண்ணீரால் நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். உடைக்கவே கூடாது, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். மாஸ்க் முகத்தில் இம்மி இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நின்றால், தலைமேல் முக்காடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, உள்ளே சாக்கரின் கரைத்த தண்ணீரைப் பீச்சுவார்கள். இனித்தால் மாஸ்க் வழியாகக் காற்று கசிகிறது என்று அர்த்தம். இனிக்காவிட்டால் பாஸ்.

வந்திருந்த மாஸ்க்குகள் எல்லாம் ஒரே அளவு. ஆண்களுக்கானது, அதிலும் பெரிய முகக்காரர்களுக்கு. என் கன்னத்தோரம் ஒரு விரல் தாராளமாக நுழையும். "மீட்டா லகா?" என்றார் சார். இனிக்கிறது என்றேன். அக்காவும் அதையே சொன்னார். வந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் இனித்தது.

சின்ன மாஸ்க் வாங்கிப் போட வேண்டும், அவ்வளவுதானே? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர்கள் கண்டுபிடித்த கோணல், டீ. நாங்கள் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துவிட்டு வருவதால்தான் இனிக்கிறதாம். மறுநாளிலிருந்து டீயை நிறுத்தினார்கள், டெல்லி ஜனவரிக் குளிரில். அப்போதும் இனித்தது. "மேடம், ஆப்கோ ஷுகர் ஹை க்யா?" என்று என்னைக் கேட்டார் சார். எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை, வியாதி உங்கள் மாஸ்க்குக்கு என்று நானும் ஹிந்தியிலேயே சொன்னேன். மற்றவர்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு புது முறை வந்தது. இனிக்கிறது என்பவள் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மறுபடி முக்காடு, மறுபடி அதே கேள்வி. இல்லை என்கிறவரைக்கும் விட மாட்டார்கள். ஒவ்வொருத்தியாக இல்லை என்றாள். அக்காவின் முறை வந்தபோது என் பக்கம் ஒருதரம் பார்த்தார். "நஹி ஜி" என்றார். சார் கைதட்டினார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உண்மையைச் சொல்லுங்கக்கா, இனிச்சுதா இல்லையா?"

"இனிக்கத்தான் செஞ்சுது. ஒனக்கென்னட்டி, ஒத்த உசுரு. எங்க வீட்டுல மூணு வயிறு இருக்குல்லா. இனிக்குன்னு சொன்னா வேல தருவானுவளா?"

அக்காமேல் என்ன கோபம்? அவரை அப்படிச் சொல்லவைத்தவர்களை நினைத்தால்தான் கை துறுதுறுத்தது.

சர்டிபிகேட் கொடுக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். மாலை, சமோசா எல்லாம் ஏற்பாடு. டீகூட அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டது. என் பெயரைக் கூப்பிடவில்லை. நானே எழுந்து மேடைக்குப் போய், மேடம், இந்த மாஸ்க்கை நீங்கள் ஒருதரம் போட்டுப் பாருங்கள் என்றேன். சாரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மாள் நல்ல மாதிரி, மறுக்காமல் போட்டுக்கொண்டார். முக்காட்டைக் கவிழ்த்துத் தண்ணீரைப் பீச்சினார்கள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "அரே, மீட்டா ஹை."

வெளியே வந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பேட்ச்சுக்குப் பார்க்கலாம் என்றார். அப்படியானால் இந்தப் பேட்ச்சுக்கு நுரையீரல் கிடையாதா? பிறகு அதே கையால் மீதி சர்டிபிகேட்டுகளைக் கொடுத்தார். அக்காவுக்கும் கொடுத்தார். ஆக, அந்த மாஸ்க் பாஸ், என் முகம் ஃபெயில்.

அக்கா வேலைக்குப் போக ஆரம்பித்தார். நானும் வேறு இடத்தில் சின்னதாக ஒரு வேலை தேடிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் மாடிப்படியில் எதிரே வந்தார். புருவத்திலும் காதோரத்திலும் வெள்ளையாகத் தூசி. முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி.

"ஏட்டி, நீ சும்மா பயங்காட்டிட்ட. நானும் கூரைய எறக்கும்போதெல்லாம் நாக்க நீட்டி நீட்டிப் பாக்கேன். ஒரு நாளும் இனிக்கல. மாஸ்க்கு மொகத்துக்குப் பழகிட்டு போல."

அரசாங்கச் செலவில், இத்தனை ஏற்பாட்டோடு, இவருக்கு இதையா கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள்?

"அக்கா, அன்னிக்கு இனிச்சது அவங்க பீச்சின தண்ணி. தூசி இனிக்காது. அதுக்கு ருசியே கிடையாது."

அக்கா புருவத்தைத் தடவி, விரலில் ஒட்டியதைப் பார்த்தார்.

"அப்பம் உள்ள போவுதா இல்லியான்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?"

அதற்கான பதிலைச் சார் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். அது அக்காவுக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டார். காலையில் சீக்கிரம் பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே போனார்.