அத்தானும் இங்கிலாந்து மழையும்

ஒக்ரோபர் பிறந்ததும் அத்தான் தன் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாமான் அடுக்குவது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. நோர்வேயில், ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில், எங்கள் அடுக்குமாடிக்குக் கீழேயுள்ள தரிப்பிடத்தில்தான் அந்தச் சடங்கு நடக்கும். பனி வாரும் சவல், இரண்டு கம்பளிப் போர்வை, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ஒரு பை மணல், கடைசியாக அக்கா சுட்டுக் கொடுத்த பருத்தித்துறை வடை ஒரு டப்பா. வடையைப் பார்த்து நான் சிரிப்பேன். "சிரி, சிரி. மலை றோட்டிலை மாட்டினால் இதுதான் உனக்குச் சோறு" என்பார். அக்காவின் கணவர் என்று நான் அவருக்குப் பெரிதாக மரியாதை காட்டியதில்லை. அவரும் அதை எதிர்பார்த்தவரில்லை.

பனி விஷயத்தில் அவரிடம் ஒரேயொரு சட்டம்தான் இருந்தது. "கார் நிண்டால் இறங்கப்படாது, மச்சாள். இறங்கி நடக்கிறவன்தான் விறைச்சுச் சாகிறவன். கதவைச் சாத்திப்போட்டுப் போர்வைக்குள்ளை இருக்கவேணும். ஆராவது வருவினம்." திராமன் நகரில் சாமான் வான் ஓட்டிய காலத்தில், மலைப்பாதையொன்றில் அப்படி ஒரு பகல் முழுக்க இருந்து தப்பியவர். அதனால் அந்தச் சட்டத்தை யாரும் மறுத்துப் பேச முடியாது.

பிறகு, நோர்வேப் பாஸ்போட் கிடைத்த எங்கள் ஆட்கள் பலரைப்போல அத்தானும் அக்காவும் இங்கிலாந்துக்குப் போனார்கள். வடக்கே, ஆற்றங்கரைச் சிறு நகரொன்றில் வீடு. போன முதல் வாரமே சவலையும் காரின் பனிக்காலச் சில்லுகளையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். தொலைபேசியில் ஒரே கேலி. "இஞ்சை காத்தடிச்சால் அதுக்கொரு பேர் வைக்கிறாங்கள், மச்சாள். பக்கத்து வீட்டு மனுசி மழைக்கு வாசல்லை மண்மூட்டை அடுக்குது." நானும் சேர்ந்து சிரித்தேன். குளிரை வென்றவர்கள் என்ற தடிப்பு எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது. மழைக்குப் பயப்பட யார் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்? யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது. மழை பெய்தால் கிணறு நிறையும் என்று சந்தோசப்படுகிற சனம் நாங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெப்ரவரியில் அவர்களிடம் போக வெளிக்கிட்டேன். புறப்படுவதற்கு முதல் நாள் விமானக் கம்பனி செய்தி அனுப்பியது: புயல் வருகிறது, விரும்பினால் வேறு நாளுக்கு மாற்றலாம். நான் மாற்றவில்லை. வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அந்த லீவை விட்டால் வசந்தகாலம் வரைக்கும் லீவு இல்லை. அத்தானுக்கு எடுத்து, "நான் ரெயினிலை வாறன், நீங்கள் வராதேங்கோ" என்றேன்.

"எங்கடை வீட்டுக்கு வாற ஆளை ரெயினிலை வரவிடுறதோ? விசர்க்கதை கதையாதை. மழைதானே."

எங்கள் ஆட்களுக்கு விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவராவிட்டால் மானமே போய்விடும். எனக்கும் அது பிடிக்கும், பொய் சொல்லவில்லை. வெளியே வரும்போது எனக்கென்று ஒரு முகம் காத்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்னொரு தரம் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

மறுநாள் காலை, கடலுக்கு மேல் பாதித் தூரம் போனபிறகு, அங்கே இறங்க முடியாது, திரும்புகிறோம் என்று விமானி அறிவித்தார். லீவு வீணாகிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கோப்பி வாங்கிக் குடித்தேன். ஒஸ்லோவில் இறங்கிக் கைபேசியைத் திறந்தால் அத்தானின் செய்தி: "வெளிக்கிட்டன். இறங்கினோடனை எடு." உடனே எடுத்தேன், மணி போகவில்லை. "பிளேன் திரும்பிட்டுது, நீங்கள் வீட்டை போங்கோ" என்று எழுதி அனுப்பினேன். ஒரு சரிக்குறிதான் விழுந்தது, செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. ரயிலில் ஹவுகெட்டோ தாண்டி, ஹொல்ம்லியாவில் இறங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தபோதும் ஒன்றுதான்.

அங்கே, அத்தானின் வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் இடையில், ரயில் பாதைக்குக் கீழே றோட்டு பள்ளமாக இறங்கும் ஓர் இடம். மூன்று வாரமாக ஊறிக் கிடந்த நிலம் அதற்குமேல் தண்ணீரைக் குடிக்கவில்லை, ஆறு றோட்டுக்கு ஏறிவிட்டது. காரின் எஞ்சின் நின்றிருக்கிறது. தண்ணீர் காரைச் சூழ்ந்தால் உடனே கண்ணாடியை இறக்கி வெளியேற வேண்டும் என்பது அந்த நாட்டில் பலருக்குத் தெரியும். அத்தான் இறங்கவில்லை. கதவைச் சாத்திப்போட்டு, யாராவது வருவார்கள் என்று இருந்திருக்கிறார். எங்களுக்குச் சொல்லித் தந்ததையே அவரும் செய்தார்.

இரண்டு நாள் கழித்து அதே புயலின் மிச்சம் ஒஸ்லோவுக்கு வந்து பனியாகக் கொட்டியது. அத்தான் பின்பெட்டி அடுக்கிய இடத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். யன்னலால் பார்க்கப் பிடிக்காமல் திரையை இழுத்து விட்டேன். இப்போது தினமும் காலையில் இங்கிலாந்து வானிலைப் படத்தைத் திறக்கிறேன். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. செம்மஞ்சள் விழுந்தால் அக்காவுக்கு எடுத்து, வெளியே போகாதே என்கிறேன். "நான் எங்கை போறது?" என்று வைத்துவிடுவாள். இத்தனை கவனமும் இனி யாருக்கு என்று எனக்கும் தெரியாது.

அத்தானின் எட்டுச்செலவு அன்று, எட்டாம் நாள் சடங்குக்கு வந்தவர்கள் போனபிறகு, இங்கிலாந்து வீட்டின் சமையலறையில் அக்கா கேட்டாள்: "நீ திரும்பினது அவருக்குத் தெரியுமோ?"

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் அவர் உயிர் போனது, அவளிடம் வந்துகொண்டுதான் இருந்தார் என்றாவது அவள் நினைக்கட்டும் என்று எண்ணினேன்.

"ஓம் அக்கா. மெசேஜ் பாத்தவர்."

அக்கா கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"பொய் சொல்லாதை. கார் எயாப்போட் பக்கம் பாத்தபடிதான் நிண்டதாம்."