கை தட்டாதவரின் மகள்

விளையாட்டுச் செய்தியாளனின் வேலையில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: மைதானத்தில் பத்திரிகைக்காரர்களுக்கான பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்து கை தட்டக் கூடாது. தமிழ் நாளிதழ் ஒன்றுக்காக டெல்லியில் இருபத்தாறு வருடம் அப்படி உட்கார்ந்தவன் நான். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு என் பாடு புரியும். இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு அவதிப்படுபவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

மூன்றாம் மாடி சாவ்லாஜி

டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் பெரிய கிரிக்கெட் ஆட்டம் என்றால் மூன்றாம் மாடி சாவ்லாஜி வீட்டில்தான் கூடுவோம். நம் ஆட்கள் அடித்துக்கொண்டிருக்கும்வரை யாரும் இடம் மாறி உட்காரக் கூடாது என்பது அவர் உத்தரவு. ஒருமுறை கடைசி ஓவரில் இந்தியா ஜெயித்தது. அவர் சோபா மேல் ஏறி நின்றார். என் மனைவி செல்வி அவர் மனைவியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நான் மீதம் எத்தனை பந்து என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். சாவ்லாஜி இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, செல்வியிடம் இந்தியில் சொன்னார்: "பாபிஜி, நாடி ஓடுது. பயப்படாதீங்க."

முதல் கோல்

எங்கள் மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. பள்ளி ஹாக்கி அணியில் இருக்கிறாள். அவளுடைய முதல் ஆட்டத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். செல்வி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு "ஏட்டி, ஓடுட்டி" என்று திருநெல்வேலித் தமிழில் கத்தினாள். பக்கத்திலிருந்த பஞ்சாபி அம்மாக்களும் அர்த்தம் தெரியாமல் அதையே கத்தினார்கள்.

யாழினி ஒரு கோல் அடித்துவிட்டுத் திரும்பி, படியில் உட்கார்ந்திருந்த என்னைத்தான் பார்த்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் விழுந்ததும் எத்தனையாவது நிமிடம் என்று பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. திரும்பும்போது மெட்ரோவில், எங்கள் ஸ்டேஷன் வந்தபோதுதான் கேட்டாள்: "நான் கோல் போட்டது உங்களுக்குப் பிடிக்கலியாப்பா?"

திருந்தப் பார்த்தது

அடுத்த ஆட்டத்தில் கை தட்டியே தீருவது என்று போனேன். நோட்டு, பேனா, கடிகாரம் எதையும் எடுத்துப்போகவில்லை. இடைவேளைக்குப் பிறகு ஒரு பெண் மூன்று பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் அற்புதமாக ஒரு கோல் போட்டாள். என்னை மறந்து தட்டினேன். பெற்றோர் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் எதிரணிப் பெண். செல்வி என் இரண்டு கைகளையும் பிடித்து என் மடியில் வைத்தாள்: "நீங்க பழையபடியே இருங்க. அதுவே போதும்."

அரையிறுதி

ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடத்தில், கோல்கீப்பரை மட்டும் எதிரே வைத்து அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. யாழினி அடித்தாள்; கோல்கீப்பர் காலால் தடுத்துவிட்டாள். அத்தோடு ஆட்டம் முடிந்தது. செல்வி அழுதாள், கோச் தலையில் கை வைத்துக்கொண்டார், அம்மாக்கள் யாழினியைச் சூழ்ந்துகொண்டு ஆளாளுக்குத் தேற்றினார்கள். அவள் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஸ்டிக்கை முழங்கால் மேல் குறுக்கே வைத்து, என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: "அங்க எல்லாரும் அழுறாங்கப்பா. நான் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன்."

ஜெயித்த நாளில் என்னைப் போன்றவர்களால் வீட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. தோற்ற நாளில் ஏதோ கொஞ்சம் உதவுகிறோம்.