வயல் இல்லாதவரின் கை

வட்டக்கச்சியில் பஸ் பழுதாகி நிற்கிறது. நிழலுக்காகப் பக்கத்து மண்டபத்து வாசலில் ஒதுங்குகிறேன். உள்ளே, சிறுபோகத்துக்கு என்ன விதைப்பது என்று விவசாயிகள் கூட்டம்.

முன் கதிரையில், நாட்டுக்குக் கடன் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆலோசகர். நெல்லை விட்டுச் சோளம் போடச் சொல்கிறாராம், மொழிபெயர்ப்பாளர் விளக்குகிறார். சம்மதமானவர்கள் கை தூக்கலாம் என்கிறார் தலைவர். ஒரே ஒரு கை உயர்கிறது. அது ஆலோசகருடையது.

நீலச் சேலை கட்டிய பெண் ஒருவர் எழும்புகிறார்.

“ஐயாவுக்கு எந்த வாய்க்காலிலை வயல்?”

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். வயல் இல்லை.

“அப்ப கையை இறக்கச் சொல்லுங்கோ. வயல் உள்ள ஆக்கள்தான் இங்கை கை தூக்கிறது.”

ஆலோசகர் சிரித்தபடி இறக்குகிறார். நெல்தான் என்று முடிவாகிறது.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண்ணிடம், “வெண்டிட்டீங்கள் அக்கா,” என்கிறேன்.

“இங்கை இறக்கிப்போட்டார், தம்பி. கொழும்பிலை மந்திரிமாரோடை இருந்து தூக்கினா ஆர் இறக்கச் சொல்லுறது? அங்கை இருக்கிறவையை எண்டாலும் வோட்டுப் போட்டு மாத்தலாம். இவரை?”

பஸ் ஒருவழியாகப் புறப்படுகிறது. கொழும்புக்குத் திரும்பும் ஆலோசகரின் வாகனம் எங்களை முந்துகிறது. கண்ணாடிக்குள் அந்தக் கை மறுபடியும் உயர்ந்து, எங்களுக்கு டாட்டா காட்டுகிறது.