மூன்றாவது கேள்வி

பி.எட். படித்த வருடம் சனிக்கிழமை மதியமானால் எங்களுக்கு அனுபவம் சொல்லும் வகுப்பு. எங்கள் பேராசிரியை எல்லோரையும் தரையில் வட்டமாக உட்காரவைப்பார். ஒவ்வொருவரும் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, மனதுக்கு எப்படி இருந்தது, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று மூன்று கேள்விகள். மார்க் மூன்றாவது கேள்விக்குத்தான். அது இல்லாமல் பாஸ் கிடையாது. குமராட்சிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் அம்மா என்னைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். நான் பாஸாகியே தீரவேண்டும்.

சைக்கிளிலிருந்து விழுந்த ஒருத்தி விடாமுயற்சியைக் கற்றுக்கொண்டாளாம். முழு மார்க். நான் அசடு மாதிரி உண்மையைச் சொன்னேன். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது அப்பா ஆட்டை அவிழ்த்துவிடப் போனார். ஆடு வந்துவிட்டது, அப்பா வரவில்லை.

"சரி, அதுலேருந்து என்ன கத்துக்கிட்ட?"

"ஒண்ணும் கத்துக்கல மேடம்."

பாடம் இல்லாத அனுபவமே கிடையாது, யோசி என்று நிற்கவைத்தார். அடுத்த சனிக்கிழமை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அதற்கடுத்த வாரமும். அவர் கெட்டவர் இல்லை. என் நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்று நிஜமாகவே நம்பினார், அதுதான் எனக்கு ஆத்திரம். கடைசியில், உயிரைவிட ஆடு பெரிசில்லை என்று கற்றுக்கொண்டேன் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவை முட்டாளாக்கித்தான் பாஸானேன்.

நான் இப்போது சிதம்பரத்தில் டீச்சர். போன வருடம் அந்தப் பேராசிரியையின் கணவர் வாக்கிங் போன இடத்தில் விழுந்து இறந்துபோனார். செய்தி கேட்டதும் ஆட்டோ பிடித்து அண்ணாமலை நகருக்குப் போனேன். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு காலையில் நடந்ததையெல்லாம் சொன்னார். நெஞ்சே மரத்துப்போய்விட்டது என்றார். இரண்டு கேள்விக்குத் தானாகவே பதில் சொல்லிவிட்டார்.

"இதுலேருந்து என்ன கத்துக்கிட்டீங்க மேடம்?" என்று கேட்டேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி என்னை முறைத்தார்கள். அவர் மட்டும் கோபப்படவில்லை. வட்டத்தில் உட்கார்ந்த பெண் மாதிரி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒண்ணும் கத்துக்கலம்மா."

"நல்லா யோசிங்க மேடம்" என்று கையை விடுவித்துக்கொண்டேன். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அதனால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.