குங்குமம் வைத்த எலிமேடை

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கரும்புக் கொல்லையை ஒட்டி இருந்த மருந்தியல் கல்லூரியில் நான் முதுகலை படித்தபோது, பயத்தை அளக்க எங்களிடம் ஒரு மேடை இருந்தது. கூட்டல் குறி வடிவம், இடுப்புயரம், கறுப்புப் பெயிண்ட் அடித்த மரம். நான்கு கைகளில் எதிரெதிரான இரண்டுக்குச் சுவர் உண்டு. மற்ற இரண்டும் மொட்டை. நடுவில் விட்ட எலி, சுவருள்ள பக்கம் ஓடி ஒட்டிக்கொள்ளும். பயம் குறைந்தால் மொட்டைப் பக்கம் நடந்து வந்து கீழே எட்டிப் பார்க்கும். அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நிறுத்துக் கடிகாரத்தில் அளப்போம். தாளாளர் வரும் நாட்களில் எங்கள் ஆசிரியர்கள் எங்கே நிற்பார்கள் என்பதை விளக்கவும் அதே மேடை போதுமானது.

மூளையில் காபா என்றொரு ரசாயனம் இருக்கிறது. துள்ளுகிற நரம்பை அடக்குவது அதன் வேலை. நரம்புச் செல்லின்மேல் அதற்கென்று ஏற்பிகள் உண்டு. அவற்றில் போய் உட்கார்ந்தால்தான் அதன் பேச்சு எடுபடும். டயசிபாம் மாதிரி மருந்துகள் அதே ஏற்பியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காபாவின் குரலை உயர்த்திவிடும், எலிக்குத் தைரியம் வரும். மலைமேல் கரியாலூர்ப் பக்கம், எங்கள் ஊரில், தூக்கம் வராதவர்களுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கும் ஓர் இலை இதையே செய்கிறதா என்பதுதான் என் ஆய்வு. அம்மாவிடம் போனில் சொன்னேன். "இங்க சாமைய பூரா எலி தின்னுக்கினு கீது. நீ அதுக்குத் தைரியம் குடுத்துக்கினு கீறியா?" என்றாள். எனக்கு வந்த விமர்சனங்களிலேயே உருப்படியானது அதுதான்.

அந்தப் பருவத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. கொடுக்காவிட்டால் வேலை வேறு யாருக்கோ போகும், நான் பஸ் பிடித்து மலையேற வேண்டியதுதான். எலிகளோ எண்ணி வந்தவை. விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்ததற்கு மேல் ஒன்றுகூட வாங்க முடியாது. ஓர் எலியை மேடையில் ஒரு முறைதான் ஏற்றலாம், இரண்டாம் முறை அதற்கு இடம் பழகிவிடும். அதாவது கெட்டுப்போன எலி கெட்டுப்போனதுதான்.

இந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் துறையில் நுண்ணோக்கிக்கு மாலை போடுவார்கள், தராசுக்கு விபூதி பூசுவார்கள், எந்த வருஷமோ செத்துப்போன கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைப்பார்கள். அந்த வருஷம் தாளாளரே வந்தார். ஜவ்வாது கலந்த சந்தனத்தைக் குழைத்து, மேடையின் மொட்டைக் கைகள் இரண்டின் நுனியிலும், அங்கேதான் நன்றாகத் தெரியும் என்று, தன் கையாலேயே வட்டமாக அப்பிக் குங்குமம் வைத்தார். சாம்பிராணிப் புகையில் எலிகள் தும்மின. எல்லோரும் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு போனோம்.

மறுநாளிலிருந்து ஓர் எலிகூட வெளியே வரவில்லை. என் இலைச்சாறு குடித்ததும் வரவில்லை, குடிக்காததும் வரவில்லை. ஒன்றிரண்டு பாதி தூரம் வந்து, மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்து, அப்படியே திரும்பிப் போயின. என் நெறியாளரான சார் பார்த்துவிட்டு, "டோஸ் கம்மிம்மா, ஜாஸ்தி பண்ணு" என்றார். ஜாஸ்தி பண்ணினேன். எலி நடுவிலேயே படுத்துத் தூங்கிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க டயசிபாம் கொடுத்த எலிகளும் உள்ளேயே உட்கார்ந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஊரறிந்த மருந்து அது. அதுவே வேலை செய்யவில்லை என்றால் கோளாறு மேடையில்தான். எலிக்குக் கண்பார்வை மந்தம், உலகம் முழுக்க மூக்கில்தான் இருக்கிறது. நான் சாரிடம் போய், சந்தனத்தைத் துடைத்துவிடலாம் என்றேன்.

சார் கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "இன்னாம்மா பேசற. அது அவரு கையால வெச்சது. அடுத்த பூஜை வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

"ஒவ்வொரு எலிக்கும் அப்பறம் ஸ்பிரிட்டால தொடைக்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க."

"சொன்னேன். பொட்ட வுட்டுட்டு தொடை."

பொட்டை விட்டுவிட்டுத் துடைக்கும் விஞ்ஞானம் உலகத்தில் எங்கள் கல்லூரியில் மட்டும்தான் இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கு அப்படியொரு கோபம். இந்த ஆள் பயப்படுவதற்கு என் எலிகள் ஏன் வீணாக வேண்டும், நான் ஏன் மலையேற வேண்டும். அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு பாட்டில் ஸ்பிரிட்டைக் கவிழ்த்துத் தேய்தேய் என்று தேய்த்தேன். ஜன்னல்களைத் திறந்து மேடையை நன்றாகக் காயவிட்டேன். மிச்சமிருந்த எலிகளைக் குழுக்களாகத் திரும்பப் பிரித்தேன். விதி கேட்கும் எண்ணிக்கைக்கு மட்டுமட்டாக இருந்தது.

எலிகள் வந்தன. டயசிபாம் எலிகள் மாப்பிள்ளை மாதிரி மொட்டைக் கையில் நடந்தன. எங்கள் மலை இலைச்சாறு குடித்தவையும் பின்னாலேயே நடந்தன. வேறொரு மருந்தால் ஏற்பியை முன்கூட்டியே அடைத்துவிட்டு இலைச்சாறு கொடுத்தவை மட்டும் சுவரோரமே கிடந்தன. இலை அந்த ஏற்பி வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கடைசி எலியைக் கூண்டில் விட்டபோது எனக்கு அழுகையே வந்தது.

சார் சந்தனம் போன இடத்தைப் பார்த்தார், முடிவுகளைப் பார்த்தார். "தாளாளர் கேட்டா எலி நக்கிடுச்சின்னு சொல்லிடு" என்றார்.

அந்த வாரமே தாளாளர் விருந்தாளிகள் இரண்டு பேருக்கு ஆய்வகத்தைச் சுற்றிக்காட்ட வந்தார். மேடை முன்னால் நின்றார். "இங்க நான் வெச்ச பொட்டு இன்னா ஆச்சி?"

விரிவுரையாளர்கள் சுவரோரம் போனார்கள். சார் இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் நுழைய முடியும் என்று நான் நினைத்தே பார்த்திராத இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என் ஆய்வேட்டில் கடைசிக் கையெழுத்து தாளாளருடையது. எலி நக்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் அத்தனை தூரம் நடந்து காட்டிய எலிகள்மேல் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. ஓரடி முன்னால் வந்தேன்.

"நான்தாங்க தொடைச்சேன். அந்த வாசனைக்கு எலி வெளிய வரலைங்க. தொடைச்சப்பறம் வந்துச்சிங்க."

அவர் என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். "அப்பிடியா. எலி வந்தா சரி. அடுத்த வருஷம் இத தனியா எடுத்து வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, விருந்தாளிகளை அடுத்த அறைக்குக் கூட்டிப்போகத் திரும்பினார். அவ்வளவுதான். ஒரு துறையே இத்தனை நாளாக நடுங்கியது இதற்குத்தான்.

அப்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து முதலில் மூக்கும், பிறகு கண்ணாடியும், பிறகு முழு ஆளும் வெளியே வந்தன. "நான்தாங்க தொடைக்கச் சொன்னேன்" என்றார் சார்.

நிறுத்துக் கடிகாரம் என் கையிலேயே இருந்தது. அவரை அளக்க மட்டும் எனக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லை.