வண்டி ஓட்டினது ஹஸீபா

பாலக்காடு வலியங்காடியில் பந்தல் சாமானும் கல்யாணப் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற தாவூத் ராவுத்தரின் மனைவி ஹஸீபா, நாற்பது வயது தாண்டிய பிறகுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல. தாவூத்துக்கு வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. எதிரே வரும் லாரியின் விளக்கு தட்டு தட்டாக விரிந்து தெரிகிறது என்று ஒருநாள் சொன்னவர், மறுநாள் கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். கடைக்கோ நாலு ஊரில் வாடிக்கை. சம்பளத்துக்கு டிரைவர் வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். கடைசியில் ஹஸீபா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் தடவை 'எட்டு' போடுவதில் கம்பியைத் தட்டித் தோற்று, இரண்டாம் தடவை லைசென்ஸ் வாங்கினாள்.

அதன் பிறகு ஒரு வழக்கம் உண்டானது. தெருவிலிருந்து வண்டியை எடுப்பது தாவூத். பள்ளிவாசலைத் தாண்டி பைபாஸ் ஏறியதும் ஓரம் கட்டுவார். இரண்டு பேரும் இறங்கி, ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிவந்து இடம் மாறிக்கொள்வார்கள். போகிற ஊர் நெருங்கும்போது மறுபடியும் ஓர் ஓரம், மறுபடியும் இடமாற்றம். ஊருக்குள் நுழையும்போது ராவுத்தர் ஓட்டிவருவார், ராவுத்தர் வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இதைப் பற்றி அவர்கள் பேசி முடிவெடுத்ததே இல்லை. ஹஸீபாவும் பெரிதாக நினைக்கவில்லை. ரயில்வே கேட்டில் நிற்கிற மாதிரி அதையும் ஒரு நிறுத்தமாக எடுத்துக்கொண்டாள்.

விபத்து நடந்தது அப்படி ஓர் இடமாற்றத்துக்காக நிறுத்தப் போனபோதுதான்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு நிக்காஹ் முடிந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வழியில் நல்லேப்பிள்ளியில் ஒரு வீட்டில் இறங்கி, வளைகாப்புக்கு எத்தனை அண்டா, எத்தனை நாற்காலி என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அறுவடைக் காலம். ரோட்டின் இரண்டு பக்கமும் வயலில் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உருளை உருளையாகச் சுருட்டிய வைக்கோலை ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி இடதுபுறம் பாதி ரோட்டில் நின்றது. தாவூத் பக்கத்தில் உட்கார்ந்தபடி திரும்பி, பின் சீட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தவர், ஊர் வந்துவிட்டதைக் கவனித்துத் திடீரென்று, "இங்கயே நிறுத்து, இங்கயே, இங்கயே" என்றார். ஹஸீபா இடதுபக்கம் ஒடித்தாள். பிரேக்கையும் மிதித்தாள். இரண்டும் சரிதான், ஆனால் கொஞ்சம் பிந்திப்போயிற்று. காரின் மூக்கு பிக்கப்பின் பின் மூலையில் போய் இடித்தது.

பெரிய சத்தமில்லை. இடதுபக்க ஹெட்லைட் நொறுங்கியது, பம்பர் பிய்ந்து தொங்கியது, மட்கார்டு உள்ளே மடங்கி டயரைத் தொட்டுக்கொண்டு நின்றது. பிக்கப்புக்குப் பின்விளக்கில் ஒரு கீறல், அவ்வளவே. வைக்கோலின் மேல் ஏறி நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆள் மட்டும் ஆட்டத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடத்திலிருந்து நேராகக் கீழே, காரின் கண்ணாடி வழியே பார்த்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்த ஹஸீபாவும் அவனைப் பார்த்தாள்.

"எறங்கு, எறங்கு. இந்தப் பக்கமா வா" என்றார் தாவூத்.

அவள் இறங்கிச் சுற்றி வந்து பின்கதவருகே நின்றாள். தாவூத் முன்னால் போய் ஓட்டுநர் பக்கத்துக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வயலிலிருந்து நாலைந்து பேர் வரப்பேறி வந்தார்கள். அதில் இருவருக்கு அவரைத் தெரியும். ஒருவர் போன மாதம்தான் கடையில் சருவப் பாத்திரம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனவர்.

"ஏனுங்க ராவுத்தரே, கண்ண கிண்ண மூடிப்போட்டீங்ளா?"

"வைக்கோலு மறச்சிருச்சுங்க. நானுங் கொஞ்சம் வெரசா வந்துட்டன்" என்றார் தாவூத், சிரித்துக்கொண்டே.

வைக்கோல் மேலிருந்தவன் குறுக்கே பேசவில்லை. அவன் பெயர் குருசாமி, பிக்கப் அவனுடையது. இறங்கி வந்து பின்விளக்கைத் தடவிப் பார்த்தான். "இதொண்ணும் இல்லீங்க. உங்க வண்டியப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கயிறு கட்ட ஏறிவிட்டான்.

அன்றைக்கு ஹஸீபாவுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேறொருவர் இருந்தது நல்லதாகப் பட்டது. கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. இன்சூரன்ஸில் கேட்க வேண்டுமானால் போலீஸ் ஸ்டேஷனில் விபத்தைச் சொல்லிப் பதிந்துவிட்டு வாருங்கள் என்றார்கள். மறுநாள் தாவூத் தனியாகவே போய்ப் பதிந்துவிட்டு வந்தார். என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் சதீஷ் வீட்டுக்கு வந்தான். முப்பது வயதுப் பையன், எதற்கும் கலங்காதவன். காகிதங்களை டீப்பாயில் பரப்பி வைத்துக்கொண்டு தாவூத்தின் லைசென்ஸை வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். அப்புறம் மெதுவாகக் கீழே வைத்தான்.

"பாய், இது முடிஞ்சுபோயி நாலு மாசம் ஆச்சுங்களே."

தாவூத் மின்விசிறியைப் பார்த்தார். புதுப்பிக்க வேண்டுமானால் கண் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்க வேண்டும். அதனால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார் என்பது ஹஸீபாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"லைசென்ஸ் இல்லாம ஓட்டுனா கிளைம் கெடைக்காதுங்க" என்ற சதீஷ், சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "பரவால்ல. அக்காகிட்ட லைசென்ஸ் இருக்குல்ல? அக்காதான் ஓட்டுனாங்கன்னு எழுதிருவோம்."

"நாந்தானே ஓட்டினேன்" என்றாள் ஹஸீபா.

சதீஷின் முகம் மலர்ந்தது. "சூப்பர்க்கா. இப்படித்தான் சொல்லணும். யாரு கேட்டாலும் இதே மாதிரி."

"இல்ல சதீஷ், நெசமாவே நாந்தான்."

"அதத்தான் சொல்றன். கொஞ்சம் கூடத் தடுமாறாம சொல்றீங்க பாருங்க!"

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் டீப்பாயிலிருந்த லைசென்ஸை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சதீஷ் அவள் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான்.

அந்தக் கண்சிமிட்டல் அவளைத் தைத்துவிட்டது. இடித்தது அவள், பிரேக்கை மிதித்த கால் அவளுடையது. அதை இப்போது அவளுக்கு ஒரு பொய்யாகக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வீடு பெருக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் இந்த நினைப்பு விட்டு விட்டு வந்தது. கோபம் என்று கூடச் சொல்ல முடியாது. செருப்பு மாறிப்போன மாதிரி ஓர் உறுத்தல்.

நாலாம் நாள் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். ஜிஸ்மி என்று பெயர், கண்டிப்பான பெண். மலையாளத்தில்தான் பேசினாள். ஹஸீபா படித்ததும் மலையாளப் பள்ளிக்கூடத்தில்தான் என்பதால் பேச்சில் சிரமமில்லை. ஜிஸ்மி காரைச் சுற்றிப் படமெடுத்தாள், குனிந்து மட்கார்டைத் தட்டிப் பார்த்தாள், அப்புறம் ஸ்டேஷன் காகிதத்தையும் சதீஷ் எழுதிய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஸ்டேஷனில் ஓட்டியது தாவூத் என்று இருக்கிறது. இதில் ஹஸீபா என்று இருக்கிறது."

"ஓட்டியது நான்தான். இவர் அங்கே மாற்றிச் சொல்லிவிட்டார்."

ஜிஸ்மி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் அலுப்பு. "சேச்சி, நான் மாசாமாசம் இதைப் பார்க்கிறேன். ஓட்டினவருக்கு லைசென்ஸ் இருக்காது. வீட்டில் யாருக்கு இருக்கிறதோ அவர்கள் பெயர் வந்துவிடும். பெரும்பாலும் மனைவி. வண்டி பக்கத்திலேயே போகாத பெண்கள்கூட எனக்கு முன்னால் நான்தான் ஓட்டினேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள்."

"என்னை வேண்டுமானால் ஓட்டச் சொல்லிப் பாருங்கள்."

"ஓட்டத் தெரியும் என்பது வேறு, அன்றைக்கு ஓட்டினீர்கள் என்பது வேறு. பார்த்தவர்கள் யாராவது உண்டா?"

வீட்டுக்கு வந்ததும் தாவூத் சொன்னார்: "உட்ரு ஹஸீபா. ஒரு லைட்டு, ஒரு பம்பரு. நம்ம கையில இருந்து போட்டுக்குவோம்."

"ஸ்டேஷன்ல நீங்க ஓட்டுனதா எழுதியிருக்கு. லைசென்ஸ் இல்லாம. நாளைக்கு அதையே புடிச்சுக் கேட்டா?"

"யாரு கேக்கப் போறாங்க?"

"என்னத்துக்கு அப்படிச் சொன்னீங்க? என்னைக் காப்பாத்தவா?"

தாவூத் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"அத்தன பேரு வந்தாங்க. பொண்டாட்டி ஓட்ட நான் பக்கத்துல குந்தியிருந்தன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

மறுநாள் அவள் பஸ் பிடித்து நல்லேப்பிள்ளிக்குப் போனாள். விசாரித்ததில் குருசாமியின் வீடு எளிதாகக் கிடைத்தது. முற்றத்தில் பிக்கப்பின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். அவன் முகம் இறுகியது. பாதி ரோட்டில் வண்டியை நிறுத்தியதற்காகக் கார்ச் செலவைக் கேட்க வந்தவளாக நினைத்திருக்கலாம். அவள் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"பாத்தனுங்ளே" என்றான் குருசாமி. "உச்சியில குந்தியிருந்தனுங்க. நீங்க ஸ்டீரிங்கப் புடிச்சுட்டு என்னையே பாத்தீங்க. நல்லாத் தெரிஞ்சுது."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"ராவுத்தரு நாந்தான் ஓட்டுனன்னு சொல்லிப்போட்டாரு. ஒரு பெரிய மனுசன் சொல்லும்போது நானெதுக்குங்க குறுக்க பேசறது? சம்சாரத்த உட்டுக்குடுக்காம பேசறாரேன்னு நெனச்சனுங்க." அவளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "அதில்லீங்ளா?"

ஹஸீபா, அவனால் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டாள். வைக்கோல் லோடு முடியாமல் நகர முடியாது என்றான். வேண்டுமானால் போனில் சொல்கிறேன் என்றான்.

அப்படித்தான் நடந்தது. ஒர்க்‌ஷாப் ஆபீஸில் ஜிஸ்மி போனை ஸ்பீக்கரில் போட்டாள். குருசாமி வண்டி ஓட்டிக்கொண்டே கொங்குத் தமிழில் மளமளவென்று கொட்டினான். ஜிஸ்மிக்கு அதில் பாதிகூட விளங்கவில்லை. இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை அவன் பொறுமையிழந்து, எழுத்துக்கூட்டுகிற மாதிரி, "அந்தம்மா. அந்தம்மாதானுங்க ஓட்டுனாங்க. ராவுத்தரு பக்கத்துல குந்தியிருந்தாரு" என்றான். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்த எல்லோருக்கும் கேட்டது.

ஜிஸ்மி போனை அணைத்துவிட்டு, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாவூத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லுங்கள். ஓட்டியது யார்?"

தாவூத் முழங்காலைத் தடவிக்கொண்டார். ஹஸீபா அவர் பக்கம் பார்க்காமல், வெளியே பெயின்ட் உலர்ந்துகொண்டிருந்த ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவதான்" என்றார்.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"அப்ப அப்படி வாயில வந்துருச்சு."

ஜிஸ்மி காகிதங்களை அடுக்கினாள். ஸ்டேஷனில் திருத்திச் சொல்லி அதன் நகலைக் கொண்டுவரச் சொன்னாள். அங்கே ரைட்டர், எழுதினதை அழிக்க முடியாது, புதிதாக இன்னொன்று எழுதத்தான் முடியும் என்று சொல்லி, தாவூத்தை அரை மணி நேரம் நிற்க வைத்துப் பேசினார். முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று கேட்டார். முதலில் சொன்னது என்று தாவூத் சொன்னார். ஹஸீபா எப்படி இடித்தாள் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். நின்றுகொண்டிருந்த வண்டிமேல் போய் இடித்ததால் தப்பு தன்னுடையதுதான் என்றும் சொன்னாள். ரைட்டர் அதை மட்டும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

பிளாஸ்டிக் சாமானுக்குத் தேய்மானம் என்று பாதி பிடித்துக்கொண்டு மீதி இன்சூரன்ஸ் பணம் வந்தது. கார் புது ஹெட்லைட்டோடு திரும்பியது. இடதுபக்கம் மட்டும் பளபளவென்று, வலதுபக்கம் மஞ்சளடித்து, பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தாவூத் இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே கண் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தார். நல்லேப்பிள்ளியில் விஷயம் பரவியிருந்தது. வளைகாப்பு வீட்டார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்டாவும் நாற்காலியும் சொன்னபடி எடுத்தார்கள். ஒரு கரண்டி குறைந்துவிட்டதென்று மட்டும் சண்டை பிடித்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். அந்த மாதத்தில்தான் மலைமேல் இருக்கும் அகளியிலிருந்து ஒரு பெரிய கல்யாண ஆர்டர் வந்தது. பந்தல் இடத்தை நேரில் பார்க்க வேண்டும். தாவூத் கறுப்புக் கண்ணாடியோடு கடையில் உட்கார்ந்து, சுரத்து மலைப்பாதையில் எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எங்கே இரண்டாவது கியருக்கு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஹஸீபா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.

சுரத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கொண்டைஊசி வளைவில் மேலிருந்து இறங்கிய பஸ்ஸுக்காக அவள் பின்னால் நகர வேண்டியிருந்தது. கண்டக்டர் இறங்கிவந்து கைகாட்டினான். அவள் அவன் கையைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தே நகர்த்தி நிறுத்தினாள். பஸ் உரசாமல் இறங்கிப் போயிற்று.